ரேக் பக்கத்து நாற்காலி

மின் இணைப்பில் ஏதோ வேலை இருக்கிறது, ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள் என்று கட்டடப் பராமரிப்பிலிருந்து சொல்லிவிட்டார்கள். மதியம் மூன்று மணி. சர்வர்களை ஒவ்வொன்றாக முறைப்படி நிறுத்தினேன், அப்புறம் ஸ்டோரேஜ் பெட்டி, கடைசியில் யுபிஎஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். விசிறிகள் சுற்றி ஓயச் சில நொடிகள் ஆனது. இரைச்சல் நின்றதும் அறையில் இருந்த பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஃபோனில் பேசிக்கொண்டிருந்த ஒருவர் தன் குரல் தனக்கே பெரிதாகக் கேட்டு, பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டுத் தணிந்த குரலில் தொடர்ந்தார். சர்வர்களை அடுக்கி வைத்திருக்கும் ரேக்கிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி உட்காரும் கணக்குப் பிரிவு அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இத்தனை வருஷமா இதுக்குள்ளயா உட்கார்ந்திருந்தேன்?"

என்னிடம் பதில் இல்லை. அந்த ரேக்கை அங்கே வைத்தது நான்தான்.

அது அங்கே வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் ஒரே ஒரு சர்வர், மேசைக்கு அடியில். அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஆள் இடுப்புயரத்தில் ஒரு ரேக், அதில் நான்கு 1யூ சர்வர்கள் (யூ என்பது ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகு), பன்னிரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட ஒரு 2யூ ஸ்டோரேஜ் பெட்டி, நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் ஒரு ஸ்விட்ச், அடியில் யுபிஎஸ். தனி அறை ஒதுக்க இடமில்லாத அலுவலகங்களில் இப்படித்தான் நடக்கிறது. நெட்வொர்க் கேபிள் எங்கே வந்து இறங்குகிறதோ அங்கே ரேக் நிற்கும், மிச்ச இடத்தில் மனிதர்கள் உட்காருவார்கள். யாருக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. அக்கா முதல் வருடம் இரண்டு தடவை சொன்னார். ஹெட்போன் வாங்கித் தருகிறோம் என்று பதில் வந்தது. அதோடு அவர் சொல்வதை விட்டுவிட்டார். அவர் சொல்வதை விட்டதை, பழகிவிட்டார் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

பழகிவிட்டது என்ற சொல்லை இப்போது நான் நம்புவதில்லை. கேரி எவன்ஸ், டானா ஜான்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. எழுத்தர் வேலை பார்க்கும் 40 பெண்களில் ஒரு பகுதியினரை அமைதியான அறையிலும், மற்றவர்களை ஒரு திறந்த அலுவலகத்தில் சாதாரணமாகக் கேட்கும் அளவுச் சத்தத்திலும் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். சத்தத்தில் இருந்தவர்கள் தங்களுக்கு மன அழுத்தம் அதிகம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர்கள் உடலில் எபிநெஃப்ரின் என்ற அழுத்த ஹார்மோன் கூடியிருந்தது. அப்புறம் கொடுத்த விடையில்லாப் புதிர்களைச் சீக்கிரம் கைவிட்டார்கள். நாற்காலியில் அசைந்து, மாற்றி உட்காருவதுகூடக் குறைந்திருந்தது. அது பேச்சும் டெலிஃபோனும் கலந்த அலுவலகச் சத்தம், சர்வர் இரைச்சல் அல்ல. இருந்தாலும் 'கஷ்டமா இருக்கா' என்று கேட்டு 'இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டு போய்விட்டால் போதாது என்பது அதைப் படித்தபோது எனக்கு உறைத்தது. ஃபோனில் பேசியவர் குரலைத் தணித்ததற்கும் ஒரு பெயர் உண்டு. சத்தத்தில் மனிதர்கள் தங்களை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள் என்று எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் எழுதினார், அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். ஆக, ரேக் ஒரு பங்கு இரைந்தால் அதற்கு மேல் பேசப் பதினைந்து பேரும் தங்கள் பங்குக்கு இரைகிறார்கள்.

சரி, இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? கிட்டத்தட்ட முழுக்க முழுக்க விசிறிகளிலிருந்து. 1யூ என்பது 44.45 மில்லிமீட்டர் உயரம். அந்த உயரத்துக்குள் 40 மில்லிமீட்டர் விசிறிதான் உட்காரும். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு விசிறி, சிப்பின் சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும், நெருக்கமாக அடுக்கிய ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே காற்றைத் தள்ள வேண்டுமானால் அது வேகமாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். நிமிடத்துக்கு 12,000, 15,000 சுற்றுகள் சாதாரணம், 20,000-ஐத் தாண்டுபவையும் உண்டு. மேசைக் கணினியில் இருக்கும் 120 மில்லிமீட்டர் விசிறி ஆயிரத்துச் சொச்சம் சுற்றுகளிலேயே தன் வேலையை முடித்துவிடுகிறது. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே நிறையக் காற்றை நகர்த்தும். அதனால்தான் வெளியில் இருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும் 1யூ பெட்டிக்கும் 4யூ பெட்டிக்கும் காதில் அவ்வளவு வித்தியாசம்.

விசிறிகளுக்கு ஒரு கணக்கு உண்டு. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டம் பாதியாகும், அழுத்தம் கால்வாசியாகும், அது இழுக்கும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகும். சத்தம் சுமார் 15 டெசிபெல் இறங்கும். 10 டெசிபெல் குறைந்தால் காதுக்குப் பாதிச் சத்தம் மாதிரித் தோன்றும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் 15 எவ்வளவு பெரிய இறக்கம் என்று புரியும். இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு சர்வர்களில் ஒன்றை நிறுத்தினால் வெறும் 3 டெசிபெல்தான் குறையும். ஆகவே நான்கு பெட்டிகளில் ஒன்றை அணைத்துவிட்டு 'ஒண்ணும் குறையலயே' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. பெட்டியின் எண்ணிக்கையைவிட விசிறியின் வேகம்தான் காதில் பேசுகிறது.

அளவு ஒரு பக்கம், சத்தத்தின் குணம் இன்னொரு பக்கம். விசிறியின் ஒவ்வோர் இதழும் பக்கத்துத் தகட்டைக் கடக்கும்போது காற்றில் ஒரு தட்டுத் தட்டுகிறது. ஏழு இதழ், நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் நொடிக்கு 1,400 தட்டு, அதாவது 1,400 ஹெர்ட்ஸில் ஒரு கூர்மையான சுருதி. அதன் மடங்குகள் 2,800, 4,200 என்று மேலே போகும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000-க்கும் 5,000-க்கும் இடையில்தான். மழைச்சத்தம் இதைவிடப் பலமாக இருந்தாலும் தூக்கம் வரும், இது தலைக்குள் ஊசி மாதிரி நிற்கும். காரணம் இதுதான். எங்கள் ரேக்கில் இன்னொன்றும் இருந்தது. இரண்டு சர்வர்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில், ஆனால் துல்லியமாக ஒரே வேகத்தில் இல்லாமல் சுற்றின. ஒன்று 1,400 ஹெர்ட்ஸ், மற்றது 1,402 என்றால் இரண்டும் சேர்ந்து நொடிக்கு இரண்டு முறை எழும்பி அடங்கும். ஊங்... ஊங்... ஊங்... என்று. நாள் முழுக்க. இதைத்தான் அக்கா முதல் வருடம் 'அது மூச்சு விடுற மாதிரி இருக்கு தம்பி' என்று சொல்லியிருந்தார். நான் அப்போது சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அவர் சொன்னது சரியான விவரணை.

மறுநாள் வேலையை ஆரம்பித்தேன். முதல் காரியம் அளப்பது. நல்ல கருவி வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, ஃபோனில் இருக்கும் செயலி துல்லியமாக இல்லாவிட்டாலும் ஒரே ஃபோனை ஒரே இடத்தில் வைத்து நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். ரேக் பக்கத்தில் அளப்பதில் பிரயோசனமில்லை. நாற்காலியில், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் அளக்க வேண்டும். அக்காவின் நாற்காலியில் 58 டெசிபெல் காட்டியது, எல்லாவற்றையும் நிறுத்தியிருந்த அந்த மதியம் இதே இடத்தில் 36. ஒரு வாரம் நேரம் குறித்துக்கொண்டே வந்தபோது சில வேளைகளில் 64 வரை ஏறுவது தெரிந்தது. ஸ்பெக்ட்ரம், அதாவது எந்தச் சுருதியில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஒரு செயலியில் எந்தெந்த இடத்தில் கூர்முனைகள் நிற்கின்றன என்று பார்த்தேன். எல்லோரும் போன பிறகு தடித்த அட்டையைக் குழல் மாதிரிச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு பெட்டியின் முன்னும் பின்னும் வைத்துக் கேட்டேன். நான்தான் எல்லாவற்றுக்கும் சர்வர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அட்டைக் குழல் வேறு கதை சொன்னது. ரேக்கிலேயே கூர்மையான கீச்சுச் சத்தம் ஸ்விட்சிலிருந்து வந்தது. அதற்குள் இரண்டு சின்ன விசிறிகள், வேகத்தைக் கட்டுப்படுத்த வழியே இல்லாமல், எப்போதும் முழு வேகத்தில்.

ஆனால் நான் நேராக அதற்குப் போகவில்லை. எல்லோரும் செய்யும் தப்பை முதலில் செய்தேன். சத்தம் வெளியே வருகிறதா, அடை. ரேக்கின் பின்பக்கத்தில் பேக்கிங்கில் வந்த தடித்த ஃபோமை வெட்டிச் சொருகி, முன்பக்கக் கண்ணாடிக் கதவை மூடிவிட்டேன். பத்து நிமிடம் அருமையாக இருந்தது. இருபதாவது நிமிடம் சர்வர்களின் விசிறிகள் ஒவ்வொன்றாக வேகமெடுக்க ஆரம்பித்தன. அரை மணி நேரத்தில் அறை முன்னைவிட மோசம். கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த அனல் இப்போதும் நினைவிருக்கிறது, உள்ளே வரும் காற்றே 38 டிகிரி இருந்தது. சர்வர் ரேக்குக்குள் போகும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்கட்டும் என்பது அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை.

அந்த ஃபோமைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், இது சத்தத்தைவிட முக்கியம். பேக்கிங் ஃபோமும், சுவரில் ஒட்ட விற்கும் மலிவான பாலியூரித்தேன் ஃபோமும் தீயைப் பிடித்தால் விடாது. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் சத்தத்துக்காகச் சுவரில் ஒட்டியிருந்த அப்படியான ஃபோமில் தீ பிடித்து 100 பேர் இறந்தார்கள். நாள் முழுக்கச் சூடாக ஓடும், யாரும் இல்லாத இரவிலும் ஓடும் ஓர் இயந்திரத்தோடு அதை நான் ஒட்ட வைத்திருந்தேன். இதைப் படிக்கும் யாராவது இப்போது அப்படி வைத்திருந்தால், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம், முதலில் போய் எடுத்துவிடுங்கள். அது சத்தத்தை அடைப்பதும் கிடையாது. அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவுதான். சத்தத்தை மறிக்கக் கனம் வேண்டும், ஃபோமுக்குக் கனம் இல்லை.

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்தப் பதிவை எழுதவே காரணம். விசிறிக்கு இரைய வேண்டும் என்று ஆசை கிடையாது, உள்ளே சூடு இருக்கிறது, அதை வெளியே தள்ளச் சொல்லிச் சென்சார் கட்டளையிடுகிறது, அது ஓடுகிறது. சத்தத்தைக் குறைக்க வேண்டுமானால் முதலில் சூட்டைக் குறைக்க வேண்டும், அப்புறம் மிச்சச் சூட்டுக்கு நல்ல வழி விட வேண்டும், அதற்கெல்லாம் பிறகுதான் மூடுவதைப் பற்றிப் பேச வேண்டும். நான் தலைகீழாக ஆரம்பித்திருந்தேன்.

சூட்டைக் குறைப்பது என்றால் மின்சாரத்தைக் குறைப்பது. சர்வருக்குள் போகும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. யுபிஎஸ் திரையில் 1,400 வாட் என்று காட்டியது, அதாவது பதினைந்து பேர் உட்காரும் அறையில் ஒரு ஹீட்டரை இரவும் பகலும் எரியவிட்டிருந்தோம். நான்கு சர்வர்களில் என்னென்ன ஓடுகிறது என்று பட்டியல் போட உட்கார்ந்தேன். ஒன்றில் யாரும் பயன்படுத்தாத பழைய சோதனைத் தளம். அதை நிறுத்தப் போகிறேன் என்று எல்லோருக்கும் சொல்லி, இரண்டு வாரம் நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்கி வைத்தேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை. இன்னொன்றில் இருந்த மூன்று சின்ன வேலைகளை விர்ச்சுவல் மெஷின்களாக, அதாவது ஒரே சர்வருக்குள் தனித்தனியாக ஓடும் மென்பொருள் கணினிகளாக மாற்றி மிச்சமிருந்த இரண்டுக்குள் கொண்டுவந்தேன். அதற்கு இரண்டு சனிக்கிழமைகள் போனது. அந்த இரண்டிலும் பயாஸில், அதாவது சர்வரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடத்தில், மின்சார அமைப்பு எப்போதும் உச்சச் செயல்திறன் என்று இருந்தது, அதைச் சமநிலைக்கு மாற்றினேன். பிராசஸரைச் சற்று நேரம் கூடுதல் வேகத்தில் ஓட்டும் டர்போவையும் நிறுத்திப் பார்த்தேன். எங்கள் வேலைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, 64 வரை ஏறிய அந்த உச்சங்கள் பெரும்பாலும் காணாமல் போயின. பேக்கப்பை ஆள் இல்லாத இரவுக்குத் தள்ளினேன். யுபிஎஸ் 700 வாட் காட்டியது. ஒரு ஸ்க்ரூகூடத் திருகாமல் சூடு பாதி!

அப்புறம் விசிறிக்குக் கட்டளையிடும் இடம். நல்ல சர்வர்களில் மதர்போர்டில் தனியாக ஒரு சின்ன மேலாண்மை சிப் இருக்கும், விசிறி வேகத்தை அதுதான் தீர்மானிக்கிறது. அதன் ஃபர்ம்வேரை, அதாவது சிப்புக்குள் பதிந்திருக்கும் நிரலைப் புதுப்பித்ததிலேயே ஒரு பெட்டி தணிந்தது. அமைப்புகளில் விசிறி முறை 'முழு வேகம்' என்று இருந்ததை 'சாதாரணம்' ஆக்கினேன், யார் எப்போது அப்படி வைத்தார்கள் என்று தெரியவில்லை. இன்னொரு சர்வர் மட்டும் இறங்கவே மறுத்தது. காரணத்தைத் தேட இரண்டு நாள் ஆனது: அதில் வேறு நிறுவனத்தின் நெட்வொர்க் கார்டு ஒன்று செருகியிருந்தது. அந்தக் கார்டின் சூட்டைச் சிப்பால் படிக்க முடியவில்லை. படிக்க முடியாததால் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா விசிறிகளையும் ஏற்றிவைத்திருந்தது. கார்டைக் கழற்றியதும் 11,000-இலிருந்து 5,500-க்கு இறங்கியது. வேகம் சரிபாதி, அந்த 15 டெசிபெல் என் கண் முன்னால்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சர்வர் விசிறிகளைக் கழற்றிவிட்டு அமைதியான விசிறிகளைப் போடலாமே என்று பலரும் கேட்கிறார்கள். 1யூவில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அமைதியான 40 மில்லிமீட்டர் விசிறிக்கு அந்த நெருக்கமான தகடுகளுக்கிடையே காற்றைத் தள்ளும் அழுத்தம் கிடையாது. வேகம் குறைவாகச் சுற்றுவதைப் பார்க்கும் மேலாண்மை சிப், விசிறி பழுதாகிவிட்டது என்று நினைத்து மற்றவற்றை முழு வேகத்துக்கு ஏற்றிவிடும். பவர் சப்ளைக்குள் இருக்கும் விசிறியோ தன் இஷ்டத்துக்கு ஓடும், அதைத் திறப்பது உயிருக்கு ஆபத்து. விசிறியை மாற்ற ஆசைப்பட்டால், அடுத்த முறை வாங்கும்போது 2யூவோ 4யூவோ வாங்குங்கள்.

ரேக்கின் உள்ளே செய்தவை சின்ன வேலைகள்தான். எடுத்துவிட்ட சர்வர்களின் காலி இடங்களைத் தகடு போட்டு மூடினேன். அந்த இடைவெளி வழியாகப் பின்பக்கச் சூடான காற்று சுற்றி முன்னால் வந்து திரும்பவும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பின்னால் கொத்தாகத் தொங்கிய கேபிள்களை ஓரமாகக் கட்டினேன். தூசி தட்டினேன், ஒரு ஹீட்சிங்கில் கம்பளித் துணி மாதிரிப் படிந்திருந்தது. ஸ்விட்சை விசிறியே இல்லாத ஒன்றாக மாற்றினோம். இதற்கு மட்டும்தான் அதுவரை பணம் கேட்டேன், உடனே கிடைத்தது, ஏனென்றால் அதற்குள் எல்லோர் காதுக்கும் வித்தியாசம் தெரிந்திருந்தது. அக்காவின் நாற்காலியில் இப்போது 49.

இடம் மாற்றுவது பற்றிப் பெரிதாக எதிர்பார்த்தேன், பாதிதான் கிடைத்தது. திறந்த வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்கினால் 6 டெசிபெல் குறையும். அறைக்குள் அப்படி இல்லை, சுவரும் கண்ணாடியும் கூரையும் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். ரேக்கை நகலெடுக்கும் இயந்திரம் இருந்த மூலைக்குக் கொண்டுபோய், காற்று வெளியேறும் பின்பக்கத்தை ஆட்கள் இல்லாத திசைக்குத் திருப்பினேன். திருப்பியதில் கிடைத்தது தூரத்தில் கிடைத்ததைவிட அதிகம், உச்ச சுருதிகள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும் குணம் கொண்டவை.

நகர்த்திய அன்று புதிதாக ஓர் உறுமல் கிளம்பியது. அந்த மூலையில் தரை மரப்பலகை. ரேக்கின் அதிர்வு கால்கள் வழியே பலகைக்கு இறங்கி, மத்தளத் தோல் மாதிரி மொத்தத் தரையும் சேர்ந்து பாடியது. மேசையில் உள்ளங்கையை வைத்தால் உணர முடிந்தது. கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் திண்டுகள், அதற்கும் அடியில் ஒரு கனமான கல் பலகை. நின்றுவிட்டது. அதிர்வு இருவழிப் பாதை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பொறியாளராக இருந்த பிரெண்டன் கிரெக், 2008-இல் டிஸ்க் வரிசைக்கு நேராக நின்று கத்தி, கத்தும் கணத்தில் டிஸ்க்குகள் தடுமாறித் தாமதமாவதை வரைபடத்தோடு காட்டினார். 2016-இல் புக்காரெஸ்டில் ஒரு வங்கியின் தரவு மையத்தில் தீயணைப்பு வாயுவைச் சோதித்தபோது, வாயு வெளிவந்த பேரோசையிலேயே டிஸ்க்குகள் பழுதாகிச் சேவை நின்றது. 'இது வெறும் சத்தம்தானே, மெஷினுக்கு என்ன' என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள், மனிதர்களுக்காகக் கேட்காதவர்கள் டிஸ்க்குக்காகக் கேட்பார்கள்.

கடைசியாகப் பெட்டி. மூடுவதற்கு நேரம் இப்போதுதான் வந்தது. 700 வாட் சூட்டை, உள்ளே போகும் காற்றைவிட வெளியே வரும் காற்று 10 டிகிரி மட்டும் அதிகமாக இருக்கும்படி வெளியேற்ற நிமிடத்துக்குச் சுமார் 3.5 கன மீட்டர் காற்று வேண்டும். அது சீறாமல் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மெதுவாகப் போக வேண்டுமானால் வழியின் குறுக்களவு குறைந்தது 580 சதுர சென்டிமீட்டர், அதாவது 58க்கு 10 சென்டிமீட்டரில் ஒரு வாய். உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. அவ்வளவு பெரிய ஓட்டை வைத்தால் சத்தம் வந்துவிடாதா? நேராக வைத்தால் வந்துவிடும். ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மிச்சச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்காது. அதனால் வழியை வளைக்க வேண்டும். காற்று வளைந்து போகும், உச்ச சுருதி வளையத் தெரியாமல் சுவரில் மோதும், அந்தச் சுவரில் உறிஞ்சும் பொருள் இருந்தால் அங்கேயே முடிந்துவிடும்.

மரவேலை செய்பவர் ஒருவரை அழைத்து 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் கட்டினோம். உட்பக்கம் முழுக்க 50 மில்லிமீட்டர் ராக்வூல் (பாறையை உருக்கி இழைத்த பஞ்சு), அதன் மேல் தூள் பறக்காமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடியிழைத் துணி. ராக்வூல் எரியாது, அதனால்தான் அது. காற்று அடிப்பக்கம் நுழைந்து இரண்டு திருப்பம் திரும்பி ரேக்கின் முன்னால் வரும், பின்னால் வெளியேறியது மேலே ஏறி இன்னும் இரண்டு திருப்பம். வெளியேறும் வாயில் நான்கு பெரிய 140 மில்லிமீட்டர் விசிறிகள், நிமிடத்துக்கு 700 சுற்றில், யுபிஎஸ்ஸிலிருந்தே மின்சாரம். கதவுக்கு ரப்பர் விளிம்பு. முதல் நாள் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. விளக்கை அணைத்துவிட்டு உள்ளே டார்ச்சை வைத்துப் பார்த்தபோது, கேபிள் நுழையும் ஓட்டையைச் சுற்றி நிலா மாதிரி ஒரு வெளிச்ச வளையம். அதைப் புட்டி வைத்து அடைத்ததும் மூன்று டெசிபெல் இறங்கியது. வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சத்தமும் கசியும்.

பெட்டிக்குள் வைத்தால் பொறுப்பும் கூடுகிறது. பெட்டியின் விசிறி நின்றுபோனால் உள்ளே சில நிமிடங்களில் சூடு ஏறிவிடும். ரேக்கின் முன்பக்கத்தில் ஒரு வெப்ப சென்சார் வைத்து, 30 டிகிரியில் எனக்குச் செய்தி, 35-இல் சர்வர்கள் தாமாகவே முறைப்படி நின்றுவிடும்படி எழுதினேன். ஒரு நாள் மாலை வேண்டுமென்றே விசிறிகளைப் பிடுங்கிச் சோதித்தும் பார்த்தேன். சோதிக்காத எச்சரிக்கையை நம்பி நான் வீட்டுக்குப் போக மாட்டேன். அந்த 700 வாட் எங்கேயும் மறைந்துவிடவில்லை என்பதையும் மறக்கக் கூடாது, அது அறைக்குள்தான் வருகிறது, அறையின் ஏசி அதையும் சேர்த்து இழுக்க வேண்டும். ஒரு டன் ஏசி என்பது 3.5 கிலோவாட், அதில் ஐந்தில் ஒரு பங்கு ரேக்குக்கே போகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்போனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், அக்காவுக்குக் கிடைத்த முதல் பதில் அதுதான் என்பதால். சத்தத்தை ரத்து செய்யும் ஹெட்போன் தாழ்ந்த உறுமலை நன்றாக அழிக்கும். சுமார் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே போகப் போக அதன் திறன் குறையும், அங்கே காதை மூடியிருக்கும் மெத்தைதான் வேலை செய்கிறது. 1,400-இலும் 2,800-இலும் இரையும் ரேக்குக்கு அது சரியான மருந்து அல்ல. எட்டு மணி நேரம் காதை மூடிக்கொண்டு உட்காரச் சொல்வது, யார் கூப்பிட்டாலும் திடுக்கிட்டுத் திரும்பும் வாழ்க்கையை ஒருவருக்குக் கொடுப்பது. இரைவது இயந்திரம், காதை மூட வேண்டியது மனிதரா?

இப்போது அக்காவின் நாற்காலியில் 40. எல்லாம் நின்றிருந்த அந்த மதியத்தைவிட 4 அதிகம், அந்த நான்கில் ஏசியும் கொஞ்சம் இருக்கும். அறையில் எல்லோரும் தணிந்து பேசுகிறார்கள். யாரும் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு நாள் காலையில் அக்கா என் மேசைக்கு வந்து நின்றார். "தம்பி, உன் பெட்டியில இருந்து புதுசா ஒரு சத்தம் வருது. கிர்ர்... னு. நேத்து இல்ல." போய் நின்று கேட்டேன், எனக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. கதவைத் திறந்து அட்டைக் குழலை வைத்த பிறகுதான் பிடிபட்டது. இரண்டாவது சர்வரின் மூன்றாம் விசிறியில் பேரிங் தேய ஆரம்பித்திருந்தது. மேலாண்மை சிப் இன்னும் எல்லாம் நலம் என்றுதான் காட்டியது. அன்று மாலையே விசிறியை மாற்றிவிட்டேன். மறுநாள் காலை அக்கா உட்கார்ந்து, ஒரு நிமிடம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சரியாயிடுச்சு" என்று சொல்லிக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்.